ஹாரன் அடிக்காத வண்டி

என் அப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். இருபத்திரண்டு வருஷமாக அதே வேலை. தினமும் காலை ஆறு நாற்பதுக்கு வண்டியில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியைச் சரிசெய்து, செல்போனை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "வண்டி கெளம்பிடுச்சு" என்று சொல்வார். அந்தக் குரல் பெற்றோர் குரூப்பில் போய் விழும். அதற்கப்புறம்தான் சாவியைத் திருப்புவார்.

வண்டியில் வருகிற பிள்ளைகள் பதினாறு பேர். குரூப்பில் இருப்பவர்கள் இருநூற்றுப் பதினான்கு பேர். என்ன கணக்கு இது என்று கேட்டால், பள்ளிக்கூடம் முடித்துப் போன பிள்ளைகளின் அம்மா அப்பாக்களும் அதிலேயே இருக்கிறார்கள். ஒன்பது வருஷமாக ஒருவரைக்கூட அவர் நீக்கியதில்லை.

"ஏம்ப்பா, அந்தப் பையன் காலேஜே முடிச்சு வேலைக்குப் போயிட்டான். அவங்கம்மாவுக்கு எதுக்கு தினமும் இந்தச் சேதி?" என்று நான் கத்தியிருக்கிறேன்.

"வெளிய போன்னு எப்படிம்மா சொல்றது? அவங்களா போனா போகட்டும்" என்பார்.

ஆச்சரியம் என்னவென்றால், அவர்களாகவும் யாரும் போகவில்லை. நானாக இருந்தால் இரண்டாவது நாளே ஓடியிருப்பேன்.

அந்தக் குரூப்பில் அப்பா மட்டும்தான் பேச முடியும். ஆரம்பத்தில் எல்லோரும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். ஜன்னல் சீட்டு யார் பிள்ளைக்கு என்று இரண்டு அம்மாக்கள் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை சண்டை போட்டார்கள். நான்தான் அப்பாவின் போனை வாங்கி, அத்தனை பேர் வாயையும் அடைத்துவிட்டேன். அதில் எனக்கு அப்போது ஒரு திருப்தி.

அப்பாவின் இன்னொரு பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். எந்த வீட்டு வாசலிலும் ஹாரன் அடிக்க மாட்டார். போய் நிற்பார். இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம், பிள்ளை வரும்வரை நிற்பார். ஹாரன் அடித்தால் இந்த வீட்டுப் பிள்ளை இன்னும் கிளம்பவில்லை என்று தெரு முழுக்கத் தெரிந்துவிடுமாம். அவர்கள் மானம் போய்விடுமாம். ஆனால் மாலையில் வீட்டுக்கு வந்து என்னிடம் புலம்புவார். "எல்லாம் லேட்டு. ஒருநாள், ஒரே ஒருநாள், அத்தனை பேரும் வாசல்ல நின்னு நான் பாக்கணும்."

பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். வீட்டு கேட் பச்சையாக இருந்தால் பச்சை கேட்டு; அப்புறம் ரெட்டை ஜடை, கடைசி ஸ்டாப்பு, வாந்தி என்று ஆளுக்கொரு பட்டப்பெயர். அவர்களுக்கு இவர் 'வேன் மாமா'. எனக்கு மட்டும் பட்டப்பெயர் கிடையாது, ஏனென்றால் நான் அந்த வண்டியில் போனதே இல்லை. என் பள்ளிக்கூடம் எதிர்த்திசையில் இருந்தது. ஊரார் பிள்ளைகளையெல்லாம் ஏற்றிக்கொண்டு அவர் அந்தப் பக்கம் போக, நான் பையைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் நடப்பேன். அந்த வயிற்றெரிச்சல் எனக்கு வெகுநாள் இருந்தது. இப்போது வயது முப்பத்தொன்று, அதனால் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முழுப் பரீட்சை விடுமுறை விட்ட நாலாம் நாள், அப்பா வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். வாளி உருளும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். வண்டிப் படியில் உட்கார்ந்து, வாயைத் திறந்து காற்றை இழுத்துக்கொண்டிருந்தார். உதடு நீலமாக இருந்தது. ஆட்டோ பிடிக்கத் தெருவுக்கு ஓடினேன்.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் ஒரு காகிதத்தில் இதயத்தைப் படமாகப் போட்டுக் காட்டினார். வால்வு ஒன்று சுருங்கிப்போய், கதவு மாதிரி திறக்க வேண்டியது திறக்காமல் சிக்கி நிற்கிறதாம்.

"கிரீஸ் போட்டா சரியாகாதா டாக்டர்?" என்றார் அப்பா.

டாக்டர் சிரித்துவிட்டார். "வண்டிக்காரர் இல்லையா! இல்லீங்க, கதவையே மாத்தணும். ரொம்ப நாள் தள்ள முடியாது."

ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்தார்கள். பள்ளி திறக்கிற திங்கட்கிழமை, காலையில் முதல் ஆபரேஷன். மொத்தச் செலவு ஆறு லட்சம். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் முழுப் பணத்தையும் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் அந்தத் தேதி வேறொருவருக்குப் போய்விடும், அடுத்த தேதி இரண்டு மாதம் கழித்து. இரண்டு மாதம் தாங்குமா என்று டாக்டரைத் தனியாகக் கேட்டேன். அவர் பேனாவை மூடினார். அது போதும் எனக்கு.

வீட்டில் நானும் அப்பாவும் மட்டும்தான். அம்மா போய் ஐந்து வருஷம் ஆகிறது. அப்பாவின் சேமிப்பு, என் சேமிப்பு, என் வளையல், ஆபீஸில் கெஞ்சி வாங்கிய முன்பணம் எல்லாவற்றையும் திரட்டினால் இரண்டரை லட்சம் வந்தது. மூன்றரை லட்சம் குறைந்தது.

சித்தப்பாவிடம் போனேன். இரும்புக்கடை வைத்திருக்கிறார், வசதிக்குக் குறைவில்லை. டீ வாங்கிக் கொடுத்து ஒரு மணி நேரம் தன் கஷ்டத்தைச் சொன்னார். கேட்டு முடிக்கும்போது நான்தான் அவருக்கு ஏதாவது கொடுத்துவிட்டு வர வேண்டும்போல ஆகிவிட்டது. "வால்வு கீல்வெல்லாம் பயப்படாத. காலைல ஒரு மணி நேரம் நடக்கச் சொல்லு, தானா சரியாயிடும்" என்றார். "நாலு எட்டு வச்சாலே அவருக்கு மூச்சு நின்னுடும் சித்தப்பா" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். டீயைக் குடிக்கவில்லை. அவ்வளவுதான் என்னால் முடிந்த பழிவாங்கல்.

ஓர் உதவி அறக்கட்டளைக்குப் போனேன். பதினான்கு பக்க விண்ணப்பம் கொடுத்தார்கள். பதில் வர நாற்பத்தைந்து வேலை நாளாகும் என்று அங்கே மேஜையில் இருந்த பெண் மிகவும் வருத்தத்தோடு சொன்னாள். அவள்மேல் கோபப்பட முடியவில்லை என்பதே எனக்குக் கோபமாக இருந்தது.

"வண்டிய வித்துடலாம்மா" என்றார் அப்பா ஒருநாள், சுவரைப் பார்த்துக்கொண்டு. தரகர் வந்து பார்த்தார். டயரை உதைத்தார், கதவைத் தட்டினார், ஐம்பதாயிரம் என்றார். அதுவும் அப்பாவின் முகத்துக்காகத்தானாம். நான் அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுக் கதவைச் சாத்தினேன். கொஞ்சம் பலமாகவே சாத்தினேன்.

"குரூப்புல கேளுங்கப்பா" என்றேன் அன்றைக்கு. "இருநூறு பேர் இருக்காங்க. ஆளுக்குக் கொஞ்சம் போட்டாக்கூட..."

அப்பா என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன்.

"வாசல்ல போய் நின்னு ஹாரன் அடிக்கச் சொல்றியா?"

சொல்லிவிட்டு வண்டிச் சாவியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

எனக்கு ஆபீஸில் என்ன வேலை என்று சொல்ல வேண்டும். வாஷிங் மெஷின் கம்பெனி ஒன்றில் புகார்ப் பிரிவில் இருக்கிறேன். நாள் முழுக்க யார் யாரோ கத்துவார்கள், நான் "சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்பேன். அப்புறம் அதையே கடிதமாகவும் எழுதுவேன். அப்பழுக்கில்லாமல் எழுதுவேன். வீட்டுக்கு வந்ததும் பகல் முழுக்க விழுங்கியதெல்லாம் வெளியே வரும், அது வேறு கதை.

புதன்கிழமை காலை அப்பா குளிக்கப் போனார். அவர் போனை எடுத்து, கூடத்தில் நின்றபடியே, என் ஆபீஸ் தமிழில் அடித்தேன்.

"மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு வணக்கம். என் தந்தையாருக்கு இதய வால்வு மாற்று அறுவை சிகிச்சை அவசரமாகச் செய்ய வேண்டியுள்ளது. மூன்றரை லட்சம் குறைகிறது. சனிக்கிழமைக்குள் தாங்கள் இயன்ற உதவியைக் கீழ்க்கண்ட கணக்கிற்கு அனுப்பிவைக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."

கீழே என் வங்கிக் கணக்கு. அனுப்பினேன். போனைச் சத்தம் வராமல் செய்து என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். "போன்ல சார்ஜ் ஏற மாட்டேங்குதுப்பா, கடைல குடுத்துட்டு வரேன்" என்று பொய்யும் சொன்னேன். நல்ல காரியத்துக்குத்தானே என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

ஆபீஸில் மதியம்வரை ஒன்றும் பார்க்க முடியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் ஓடிப்போய் என் கணக்கைப் பார்த்தேன். ஒரு காசு வரவில்லை. அப்பா போனைப் பார்த்தேன். நூற்றெண்பது பேர் படித்திருந்தார்கள். எடுக்காமல் விட்ட அழைப்புகள் நாற்பத்தொன்று. துக்கம் விசாரிக்க மட்டும் வந்துவிடுவார்கள் என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன், மனசுக்குள்தான்.

மாலையில் பஸ்ஸில் நிற்க இடமில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தபோது மறுபடி அழைப்பு வந்தது. எடுத்தேன்.

"வேன் மாமா எங்க? நீ யாரும்மா?" ஓர் ஆண் குரல்.

"அவரால பேச முடியாது."

"ஏன் பேச முடியாது? அவர்கிட்ட குடு."

யாரோ என் காலை மிதித்தார்கள். எனக்கு உச்சிக்கு ஏறிவிட்டது. "இங்க பாருங்க, பணம் அனுப்புறதா இருந்தா அனுப்புங்க. இல்லன்னா வைங்க."

வைத்துவிட்டார்.

அன்றைக்கும் ஒரு காசு வரவில்லை. வியாழக்கிழமையும் வரவில்லை. அப்பா காலையில் ஆறு நாற்பதுக்கு எழுந்து ஜன்னல் வழியே வண்டியைப் பார்த்தபடி நின்றார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. இந்த மனிதர் இருபத்திரண்டு வருஷம் வாசல் வாசலாகப் போய் நின்றாரே, ஒருத்தருக்காவது நெஞ்சில் ஈரம் இருக்கிறதா என்று எரிந்துகொண்டே ஆபீஸ் போனேன். அந்த இரண்டு நாளில் நான் சபித்த சாபத்தில் பாதி பலித்திருந்தாலும் இருநூறு வீடு சாம்பலாகியிருக்கும்.

வியாழன் மாலை ஆறு மணி இருக்கும். கதவு தட்டும் சத்தம். திறந்தால் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பெண். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். கழுத்தில் வங்கி அடையாள அட்டை. என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தாள். அப்பா நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

"மாமா! இங்கதான் இருக்கீங்களா! நான்தான், வாந்தி!"

அப்பா முகத்தில் விடுமுறை முழுக்கப் பார்க்காத ஒரு வெளிச்சம். "அட, வாந்தியா! எவ்ளோ பெரிய பொண்ணாயிட்ட! வா வா, உள்ள வா."

அவள் பரபரப்பாக வந்து அவர் முன்னால் நின்றாள். "மாமா, உங்க போன் திருடு போயிடுச்சு, தெரியுமா?"

"ரிப்பேருக்குல்ல குடுத்திருக்கு?"

"திருடிட்டாங்க மாமா! எவளோ ஒருத்தி உங்க நம்பர்லேர்ந்து காசு கேட்டு மெசேஜ் போட்டிருக்கா. உங்களுக்கு எழுதவே வராது, வாய்ஸ்தான் போடுவீங்கன்னு எங்களுக்குத் தெரியாதா? 'தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்'னு போட்டிருக்கா! பாத்ததுமே எங்கம்மா சொல்லிட்டாங்க, இது மாமா இல்லன்னு."

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அதைவிட கொடுமை, உங்கப்பாவுக்கு ஹார்ட் ஆபரேஷனாம்! உங்கப்பா போயே பத்து வருஷம் ஆச்சே மாமா. நான் வண்டில வந்த வருஷமெல்லாம் நீங்க லீவு போட்டதே அந்த ரெண்டு நாள்தான். எங்கம்மா என்னை ஸ்கூட்டர்ல கூட்டிட்டுப் போய், அதுலயும் நான் வாந்தி எடுத்து, எப்படி மறக்கும்? பழைய ஆளுங்க அத்தனை பேருக்கும் ஞாபகம் இருக்கு. அதான் யாரும் ஏமாறக் கூடாதுன்னு 'வேன் மாமா போன் திருட்டு'ன்னு தனியா ஒரு குரூப்பே ஆரம்பிச்சுட்டோம். நூத்தம்பது பேர் சேர்ந்துட்டாங்க. நாளைக்கு போலீஸ்ல எழுதிக் குடுக்கறோம். ரெட்டை ஜடை அப்பா போன் பண்ணிப் பேசியும் பாத்துட்டார். அந்தப் பொம்பளைக்கு என்னா திமிருங்கறீங்க!"

அப்பா மெல்லத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். அந்த வீட்டுத் தரை அப்படியே பிளந்து என்னை விழுங்கியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"அந்தத் திமிர் புடிச்ச பொம்பள இவதாம்மா" என்றார். "என் பொண்ணு."

வாந்தி என்னைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். அப்புறம்தான் அவர் முதுகுக்குப் பின்னால் அடுக்கியிருந்த தலையணைகளையும், முக்காலிமேல் வைத்திருந்த வீங்கின கால்களையும், மாத்திரை அட்டைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"அப்போ... ஆபரேஷன் யாருக்கு?"

அப்பா துண்டை எடுத்து அந்தக் கால்களை மூடினார். அவளுக்குப் புரிந்தது. ஹெல்மெட்டைக் கீழே வைத்துவிட்டு, அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அப்பாவின் போனிலிருந்து 'என் தந்தையார்' என்று எழுதினால் அது யாருடைய தந்தை? ஊருக்கெல்லாம் அப்பழுக்கில்லாமல் கடிதம் எழுதுகிறவள், என் அப்பா உயிருக்கு எழுதின கடிதத்தில் கோட்டை விட்டிருக்கிறேன். ஈரமில்லாதவர்கள் என்று நான் சபித்த அத்தனை பேரும் அவருக்குக் காவல் நின்றிருக்கிறார்கள். என்னிடமிருந்து அவரைக் காப்பாற்ற!

"ஹாரன் அடிச்சிட்டியேம்மா" என்றார் அப்பா. குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

"ஆமா, அடிச்சேன்!" என்று கத்தினேன். "நல்லா அழுத்தி அடிச்சேன். உங்களுக்கு மானம் பெரிசு. எனக்கு நீங்கதான்ப்பா பெரிசு. அம்மாவும் இல்ல. நீங்களும் போயிட்டா இந்த வீட்டுல நான் யாரோட சண்டை போடுவேன்?" சொல்லி முடிக்கும்முன் எனக்கும் அழுகை வந்துவிட்டது. விருந்தாளி வேறு உட்கார்ந்திருக்கிறாள், கேவலம்.

வாந்திதான் முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மாமா, ஒண்ணு சொல்லட்டுமா? நீங்க ஹாரன் அடிக்க மாட்டீங்க, சரி. ஆனா வண்டி வந்து நின்னா எங்க வீட்டு ஜன்னல்லேர்ந்து தெரியும். அதப் பாத்துட்டுத்தான் பாதி தலை பின்னி, பாதி பின்னாம நான் ஓடி வருவேன். இப்போ நீங்க நிக்கிறதே எங்களுக்குத் தெரியலையே மாமா. தெரிஞ்சாத்தானே ஓடி வர முடியும்?"

அப்பா ஜன்னலுக்கு வெளியே நின்ற வண்டியைப் பார்த்தார். பிறகு என் பக்கம் கையை நீட்டினார். "போனைக் குடு."

கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வழக்கம்போல வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

"வணக்கம். வேன் மாமா பேசறேன். போன் திருடு போகல. எம் பொண்ணு எழுதுனது நெசந்தான், என்ன, அவசரத்துல யாரோட அப்பான்னு சொல்லாம விட்டுட்டா. அந்த அப்பா நான்தான்."

அங்கே கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினார். நான் தண்ணீரை நீட்டினேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுத் தொடர்ந்தார்.

"ஸ்கூல் தொறக்கற அன்னைக்கு எனக்கு ஆபரேஷன் சொல்லியிருக்காங்க. ரெண்டு மூணு மாசத்துக்கு வண்டிய என் கூட்டாளி ஓட்டுவாரு. தங்கமான மனுஷன், ஆனா ஹாரன் அடிப்பாரு, கோச்சுக்காதீங்க. பச்சை கேட்டு அம்மா, பாப்பாவுக்குப் பின் சீட்டுல தலை சுத்தும், முன்னாடி ஒக்கார வைக்கச் சொல்லியிருக்கேன். கடைசி ஸ்டாப்பு பையன் தூங்கிடுவான், எறங்குறப்ப தண்ணி பாட்டில மறந்துடுவான், அதையும் சொல்லியிருக்கேன். புதுசா சேர்ற ரெண்டு பேருக்கும் மொத வாரம் அழுகை வரும். நீங்க திரும்பிப் பாக்காம உள்ள போயிடணும், அப்பத்தான் நிக்கும்..."

இப்படியே நாலு நிமிஷம் பேசினார். ஒரு பிள்ளையையும் விடவில்லை. கடைசியில் "அவ்ளோதான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

"பணத்தப் பத்தி ஒரு வார்த்தை கூட சொல்லலையே!" என்றேன். என் கோபம் உடனே திரும்பி வந்துவிட்டது.

"அத நீதான் எழுதிட்டியே" என்றார்.

வாந்தி போனை வாங்கி, ஒன்பது வருஷத்துக்கு முன் நான் போட்ட பூட்டை எடுத்துவிட்டாள். இனி எல்லோரும் பேசலாம். "ரோஜாப்பூ படமா போட்டுத் தள்ளப் போறாங்க" என்று அப்பா முணுமுணுத்தார்.

பூப்படம் வரவில்லை. முதலில் வந்தது ரெட்டை ஜடை அப்பாவின் குரல். "மன்னிச்சுக்கங்க மாமா. உங்க பொண்ணுகிட்டயும் சொல்லிடுங்க, திமிருன்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன்." பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். ஓர் அம்மா சொன்னார்: "எட்டு வருஷம் எங்க வாசல்ல தினமும் மூணு நிமிஷம் நின்னீங்க. அதுல ஒருநாள்கூட முகம் சுளிச்சதில்ல." பதினோரு வருஷத்துக்கு முன் இங்கிருந்து போன ஒரு குடும்பம், இப்போது கடல் தாண்டி இருக்கிறார்கள். பழைய எண்ணை விடாமல் வைத்திருந்து, குரூப் ஆரம்பித்தபோது கேட்டுச் சேர்ந்தவர்களாம். அந்த அம்மா சொன்னார்: "நீங்க வண்டி கெளம்பிடுச்சுன்னு சொல்றப்ப எங்களுக்குப் படுக்கிற நேரம். அதக் கேட்டுட்டுத்தான் விளக்கை அணைப்போம். இந்த விடுமுறை பூரா எனக்குச் சரியா தூக்கமில்ல மாமா."

அப்பா எல்லாவற்றையும் கேட்டார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வியர்வை என்றார்.

வெள்ளிக்கிழமை என் போன் நிற்காமல் டிங் டிங் என்று அடித்தது. பெரிய தொகைகளும் வந்தன, பஸ் டிக்கெட் அளவுத் தொகைகளும் வந்தன. சனிக்கிழமை காலை பதினொன்றுக்கு மூன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. "போதும், நிறைவாக வந்துவிட்டது, இனி அனுப்ப வேண்டாம்" என்று குரூப்பில் எழுதினேன். "என் தந்தையார், அதாவது வேன் மாமா" என்று இந்த முறை தெளிவாகவே எழுதினேன். அதற்கு நூறு பேர் சிரித்தார்கள். அதற்கப்புறமும் சிலர் அனுப்பினார்கள். மருந்துக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

ஆஸ்பத்திரி கவுண்டரில் பணத்தைக் கட்டிவிட்டு ரசீதை வாங்கினேன். நன்றி என்ற வார்த்தையை ஆபீஸில் தினமும் ஐம்பது முறை சொல்கிறேன். அன்றைக்கு அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் அதற்கு எடை இருக்கிறது என்று தெரிந்தது. இருநூறு வீட்டு வாசலிலும் போய்த் தனித்தனியாகக் கும்பிட வேண்டும்போல இருந்தது. பின்னால் வரிசையில் நின்றவர் "கொஞ்சம் நகருங்கம்மா" என்றார். நகர்ந்தேன்.

ஞாயிறு மாலை ஆஸ்பத்திரியில் சேர அப்பாவின் வண்டியிலேயே போனோம். கூட்டாளி ஓட்டினார். அப்பா முன்னால் உட்கார்ந்து கிளட்சைப் பற்றிப் பத்து புத்திமதி சொல்லிக்கொண்டு வந்தார். நான் பின்னால் ஏறினேன். அந்த வண்டியில் எனக்கு அதுதான் முதல் பயணம்.

அப்பா திரும்பிப் பார்த்தார். "ஜன்னல் சீட்டுல ஒக்காரும்மா. சண்டைக்கு யாரும் இல்ல."

உட்கார்ந்தேன். காற்று நன்றாக வந்தது.

திங்கட்கிழமை காலை ஆறரைக்கு அவரை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவுவரை கையைப் பிடித்துக்கொண்டே போனேன். "பயப்படாத, கதவுதான் மாத்தறாங்க" என்றார். கதவு மூடிக்கொண்டது. வெளியே பெஞ்சில் அவர் செருப்பும் கண்ணாடியும் போனும் என் மடியில் இருந்தன.

திடீரென்று போன் கத்தியது. எடுத்துப் பார்த்தால் அலாரம். ஆறு நாற்பது.

அதை அணைத்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அதற்குள் கூட்டாளி கூப்பிட்டார். "வண்டிய எடுத்துட்டேம்மா. மாமாகிட்ட சொல்லிடு." மாமாவிடம் எப்படிச் சொல்வது? குரூப்பைத் திறந்தேன். அவர் பிடிக்கிற மாதிரியே போனை வாய்க்கு நேராகப் பிடித்தேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"வண்டி கெளம்பிடுச்சு."

அரை நிமிஷம் ஒன்றும் இல்லை. பிறகு பச்சை கேட்டுப் பாப்பாவின் கீச்சுக்குரல்: "வாசல்ல நிக்கிறேன் மாமா." அடுத்து கடைசி ஸ்டாப்பு: "வாசல்ல நிக்கிறேன். தண்ணி பாட்டில் கைல இருக்கு." அதற்கப்புறம் போன் கையில் துள்ள ஆரம்பித்துவிட்டது. வேனைவிட்டுப் போய்ப் பல வருஷமானவர்கள், கல்யாணமானவர்கள், பிள்ளை பெற்றவர்கள், குரல் உடைந்து ஆளே மாறிப்போன பையன்கள், அவர்களின் அம்மாக்கள், அப்பாக்கள். "வாசல்ல நிக்கிறேன் மாமா." வாந்தி தன் வீட்டு வாசலில் நின்று சொன்னாள், பின்னால் குக்கர் விசிலடிக்கும் சத்தம் கேட்டது. கடல் தாண்டி இருக்கிற அந்த அம்மா தூக்கக் கலக்கத்தோடு சொன்னார்: "இங்க இருட்டு மாமா. ஆனா நாங்க ரெண்டு பேரும் வாசல்லதான் நிக்கிறோம்."

ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் ஓவென்று அழுதேன். எதிர் பெஞ்சில் இருந்தவர்கள் என் அப்பா போய்விட்டார் என்று நினைத்து எழுந்து வந்து ஆறுதல் சொன்னார்கள். இல்லை இல்லை என்று விளக்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

ஐந்து மணி நேரம் கழித்து டாக்டர் வந்தார். முகமூடியைக் கழற்றி, "புதுக் கதவு நல்லா தொறந்து மூடுது" என்றார்.

மூன்றாம் நாள் தீவிரப் பிரிவில் பத்து நிமிஷம் பார்க்க விட்டார்கள். அப்பாவுக்கு நினைவு தெளிந்திருந்தது. உதட்டில் நீலம் இல்லை. என்னைக் கண்டதும் முதலில் கேட்டது: "திங்கக்கிழமை வண்டி போச்சா? எத்தனை பேர் லேட்டு?"

போனை அவர் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஓடவிட்டேன். ஒவ்வொரு குரலுக்கும் அவர் உதடு மெல்ல அசைந்தது. பச்சை கேட்டு. கடைசி ஸ்டாப்பு. ரெட்டை ஜடை. வாந்தி. பாதி கேட்பதற்குள் நர்ஸ் வந்து நேரம் முடிந்தது என்றார்.

"மீதிப் பேரு?" என்றார் அப்பா.

"எல்லாரும்தான்ப்பா. ஒருத்தர் பாக்கி இல்ல. எல்லாரும் வாசல்லதான் நின்னாங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஓரத்தில் நீர் வழிந்து காதுக்குள் போயிற்று. இந்த முறை வியர்வை என்று சொல்லவில்லை.

"இருவத்திரண்டு வருஷத்துல" என்றார், "அன்னைக்குத்தான்மா ஒருத்தர்கூட லேட்டு இல்ல."